சுந்தரி, மிட்டாய், எதிர்வீட்டு அக்கா

போன ஆனி மாதம் நடந்தது. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருக்கும் வளவில் மொத்தம் ஆறு வீடுகள், நடுவில் ஒரே குழாய். கணவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் இரண்டரை வயது மகளும் சுந்தரி, மிட்டாய் என்ற இரண்டு பூனைகளும்தான்.

சுந்தரி தாய், மிட்டாய் அதன் குட்டி. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, தொட்டில் அசைந்தால் சுந்தரி அடுப்படிக்கு வந்து என் காலில் முட்டும். சில சமயம் தொட்டில் சும்மா காற்றில் அசைந்திருக்கும். அதற்கும் வந்து முட்டும். என்னைப் போலவே பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொள்வேன். மிட்டாய் நேர்மாறு. வாஷிங் மெஷின் ஓடும்போது அதன் மேல் ஏறிப் படுத்து, உடம்பெல்லாம் அதிர அதிரத் தூங்கும்.

எதிர்வீட்டு அக்கா மாவு அரைத்து விற்பவர். ஒருநாள் மிட்டாய் அவருடைய மாவு வாளிக்குள் முன்னங்கால் இரண்டையும் விட்டுவிட்டது. வாளி மாவையும் கொட்டிவிட்டு வந்து என் வாசலில் நின்றார்.

"ஏட்டி, ஒன் பூனைய நீ அடக்குதியா, இல்ல நான் ஒரு வழி பண்ணட்டுமா?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது என் குணம். அந்த வாரமே அவர் கடையில் எலி மருந்து வாங்குவதைப் பார்த்தேன். மாவு அரைக்கிற வீட்டில் எலி வரத்தானே செய்யும் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு ஒரு காலையில் சுந்தரி பின்னங்காலில் கடிபட்டு நொண்டிக்கொண்டு வந்தது. தொட்டால் காது சுட்டது. பால் வைத்தேன், தொடவில்லை. முந்தின வாரம் மகளுக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய மருந்து மீதம் இருந்தது. மகளின் எடையையும் பூனையின் எடையையும் ஒரு தாளில் எழுதி வகுத்துப் பார்த்து, வந்ததில் கொஞ்சம் குறைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். படித்தவள் இல்லையா.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு அக்காவே வந்தார். கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்துக் காயத்தில் பூசினார். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துச் சுந்தரியின் நாக்கிலும் தடவினார். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் செய்வது அதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண் வழக்கத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதோ என்று பட்டது.

சாயங்காலம் சுந்தரியின் முகம் வீங்கிவிட்டது. வாயில் நீர் ஒழுக மூச்சு வாங்கியது. மறுநாள் விடிந்தபோது கட்டிலுக்கு அடியில் விறைத்துக் கிடந்தது.

குழாயடியில் மூன்று பேரிடம் சொன்னேன். அந்த அக்கா விஷம் வைத்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. மிரட்டியதைச் சொன்னேன், எலி மருந்து வாங்கியதைச் சொன்னேன், மண் கொடுத்ததைச் சொன்னேன். மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். மகளை அந்த வீட்டுப் படி ஏறவிடவில்லை. சில நாளில் வளவுக்காரர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு மாவு வாங்கப் போக ஆரம்பித்தார்கள். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததையும் நான் குற்றமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மிட்டாய் வீடு முழுக்கத் தாயைத் தேடியது. அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டது. ஒருநாள் தொட்டுப் பார்த்தேன். காது சுடுவது போலவும் இருந்தது, சுடாதது போலவும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அதே மருந்தைக் கொடுத்தேன். மதியத்துக்குள் அதே வீக்கம். மகளை இடுப்பிலும் மிட்டாயைக் கட்டைப்பையிலும் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

எதிர்வீட்டில் விஷம் வைத்துவிட்டார்கள் என்று டாக்டரிடம் சொன்னேன். குழாயடியில் சொல்லாத வார்த்தையை அங்கே சொல்லிவிட்டேன். புற்றுமண் கதையையும் சொன்னேன். அவர் மிட்டாயின் உதட்டை விலக்கி ஈறைக் காட்டினார். ரோஸ் நிறமாக இருக்க வேண்டியது பழுப்பாக இருந்தது. வீட்டில் பிள்ளைக்கு வைத்திருக்கிற காய்ச்சல் மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுத்தேன், எடை பார்த்துத்தான் கொடுத்தேன், தாய்ப்பூனைக்கும் அப்படித்தான் கொடுத்தேன் என்றேன்.

அவர் மிட்டாயின் உதட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பூனைக்கு அத ஒரு சொட்டுகூடக் குடுக்கக் கூடாதும்மா. அது ஒடம்பு தாங்காது."

"அப்போ அந்த மண்ணு?"

"மண்ணுல ஒண்ணும் இல்லம்மா."

ஊசி போட்டுப் பார்த்தார். மிட்டாய் அந்த மேசையிலேயே போய்விட்டது. அதற்குக் காய்ச்சலே இருந்திருக்காது, தாயைக் காணாமல் ஏங்கிப் படுத்திருக்கும் என்றார்.

இரண்டு நாள் வளவில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். கணவரிடம் சொன்னதற்கு, நீ தெரியாமல் செய்ததுதானே, விடு என்றார். விட முடியவில்லை. மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு இரண்டு வாளி நிறையும் இடத்தில் அரை வாளி மாவுதான் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா? கொழாயடில சொன்னேல்லா, அங்கன போய்ச் சொல்லு."

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

மூன்று வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டில் தலையில் அடித்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில், நாங்கள் அப்படியெல்லாம் நினைக்கவே இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு இளகின மனசு மக்கா. அதான் அவளக் காட்டிக் குடுக்க மாட்டேங்க."

டாக்டர் சொன்னதை எத்தனை தடவை சொல்லியும் அவர் நம்பவில்லை. இன்றுவரை அவர் வீட்டுக்குத் தெருமுனைக் கடை மாவுதான். நான் அக்காவிடம்தான் வாங்குகிறேன். அளந்து ஊற்றுவார், மகளிடம் இரண்டு வார்த்தை பேசுவார், என்னிடம் பேச மாட்டார்.

சுந்தரியையும் மிட்டாயையும் நினைக்காத நாளில்லை. அவற்றுக்குச் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்த அக்காவைப் பற்றிச் சொன்னதும் தெரியாமல் சொன்னதுதான். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது, சொல்லும்போதே எனக்குத் தெரிந்துதான் இருந்தது.