பூட்டுப் போட்டவர்களின் சமாதானம்

விடுமுறை நாட்களில் பெங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பிள்ளைகள், தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, "பீஸ்ஃபுல்" என்கிறார்கள். இந்த ஊரின் நந்திதுர்க் பகுதியில் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த என்னிடம் ஒருவன், "இப்டி ஊர்ல இருக்க குடுத்து வெச்சிருக்கணும்ணா" என்றான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அதுதான் சத்தமில்லை என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தான். வேலை செத்துப்போன ஊருக்கு, வேலையுள்ளவன் வைக்கிற செல்லப்பெயர் அந்த "பீஸ்ஃபுல்".

எங்கள் வன்னியில் சண்டைக்காலத்தில் சத்தம் நின்றால் நாங்கள் பதுங்குகுழியைத் தேடுவோம். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் சமாதானம் என்ற சொல்லை வானொலி எனக்கு நன்றாகவே படிப்பித்தது. பெரியவர்கள் கைகுலுக்குவார்கள்; நாங்கள் மூட்டை கட்டுவோம். பிறகு படகு, அகதி முகாம், பெயின்ட் வாளியோடு ஊர் ஊராக அலைச்சல். சண்டை ஓய்ந்தபோது எங்கள் காணியைச் சுற்றி ராணுவத்தின் முள்வேலி நின்றது. "இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை" என்கிறாள் அங்கேயிருக்கும் தங்கச்சி, தொலைபேசியில். காணிக்குப் போனாயா என்றால், "அதுக்குள்ள விடமாட்டாங்கள். மற்றபடி பிரச்சினை இல்லை." எங்கள் பக்கத்தில் சமாதானத்துக்கு இப்போது அதுதான் பெயர்.

இங்கே நான் வாடகைக்கு இருப்பது ரோசி அக்காவின் பின்னறையில். சுரங்க வேலைக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடு. அக்காவின் புருஷன் இறந்த பிறகு, பாதி வீட்டில் இருக்கும் கொழுந்தன் அந்தோணி, பொதுக் குழாய் இருக்கும் முற்றத்துக் கதவைப் பூட்டிவிட்டான். தண்ணீர் இல்லாமல் அக்கா தானாகவே வெளியேறுவாள் என்பது கணக்கு. புகார் கொடுக்கப் போனபோது போலீஸ்காரர் கன்னடத்தில் "ராஜி மாட்கொள்ளி" என்றார். விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று பொருள். விட்டுக்கொடுக்க அக்காவிடம்தான் ஏதோ மிச்சமிருப்பதுபோல் அவளைப் பார்த்தே சொன்னார். மாதா கோயில் கமிட்டிப் பெரியவர்கள் வந்து அக்காவின் காப்பியைக் குடித்தார்கள். அடுத்த தெருவிலிருந்து அவள் சுமந்துவந்த தண்ணீரில் போட்ட காப்பி. "சமாதானமாப் போம்மா, ஆண்டவரு பாத்துப்பாரு" என்றார்கள். பூட்டைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் உண்டு. பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்ப வேண்டும். அன்று அக்காவின் பக்கத்தில் நான் நின்றேன். அந்தோணி முன்வரிசையிலிருந்து வந்து, கமிட்டி முழுக்கப் பார்க்க, அக்காவின் முன் நின்று கும்பிட்டான்.

"சமாதானம் அண்ணி."

அக்காவின் கைகள் பையின் மேலேயே இருந்தன.

"இன்னாத்துக்கு இந்தக் கும்பிடு? சாவி எங்க?"

"அண்ணி, கோயில்ல இன்னா இது, எல்லாரும் பாக்கறாங்க..."

"பாக்கட்டும். மொதல்ல பூட்டத் தொற அந்தோணி. அப்பால வா, நானே கும்புடறேன்."

பீடத்தில் சாமியார் அடுத்த செபத்தைத் தொடங்கிவிட்டார். கமிட்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கோயிலின் சமாதானத்தைக் கெடுத்துவிட்டாளாம். கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தோணி தன் இடத்துக்குத் திரும்பினான்.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். அங்கே அவளிடம் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லாத ஆள் நான் ஒருவன்தான். நானும் கூப்பினேன். என் ஊர்க்காரர் யாரும் எனக்கு இப்படிச் சமாதானம் சொன்னதில்லை. சொன்ன இந்த ஊர்க்காரியோ நாளைக்கே தெருவுக்கு வரக்கூடியவள், அவளோடு நானும்தான். எல்லோரும் முழங்காலிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் கொஞ்சநேரம் நின்றுகொண்டிருந்தோம்.