தெர்மோகோல் வீட்டில் பால் காய்ச்சினோம்

போன வாரம் அரியலூர் போகிற ரோட்டில், ஒரு செக்போஸ்ட்டில் எங்களை நிறுத்திவிட்டார்கள்.

எங்களை என்றால் - என்னை, என் மனைவி தனலட்சுமியை, அப்புறம் எங்கள் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு மாட்டியிருந்த அந்த வெள்ளைச் சமாச்சாரத்தை. எங்களுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, டியூட்டியில் இருந்தவர் நேராக எங்களிடம் வந்தார். வெள்ளைச் சமாச்சாரத்தை ஒரு சுற்று சுற்றினார். விரலால் தட்டிப் பார்த்தார். தகரச் சத்தம் வரும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. 'தொம்' என்றது. கூரையில் கவிழ்த்திருந்த இட்லிப் பானை மூடியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"என்னா சார் இது? வண்டியா, வூடா?"

நியாயமான கேள்விதானே? நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து தனம் முந்திக்கொண்டாள். அவள் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தச் சமாச்சாரம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

பெரம்பலூரில் எனக்கு ரேடியோக் கடை இருப்பதும், அதைச் சாத்திவிட்டு ஊர் சுற்றுகிற வியாதி எனக்கு இருப்பதும் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வியாதி முற்றிவிட்டது. ஆனால் போகிற ஊரில் தங்க வேண்டுமே... லாட்ஜ் என்று போர்டு மாட்டி மூட்டைப்பூச்சி வளர்க்கிறார்கள். தனம் லாட்ஜ் கட்டிலில் படுக்கவே மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தே ராத்திரியைத் தள்ளிவிட்டு, மறுநாள் கோயில் பிராகாரத்தில் தூங்கி வழிவாள். இப்படி ஒரு டூர் தேவையா?

அப்போதுதான் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு கார் தன் பின்னால் ஒரு குட்டி அறையை இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே படுக்கை. பின்பக்கம் கதவைத் தூக்கினால் சமையல் மேடை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு சிக்கல்தான். என் கார். நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்தாலே மேட்டில் அதற்கு மூச்சிரைக்கும். அதன் முதுகில் இரும்பும் மரமுமாக ஓர் அறையைக் கட்டினால் பாதி வழியில் அது கையெடுத்துக் கும்பிட்டுவிடும். அறை கனமே இல்லாமல் இருக்க வேண்டும். எதில் செய்வது?

விடை என் கடைக்குள்ளேயே கிடந்தது. இப்போது டிவி வர ஆரம்பித்திருக்கிறது அல்லவா? அட்டைப் பெட்டிக்குள் டிவியைச் சுற்றி வெள்ளையாக ஒன்றை வைத்து அனுப்புகிறார்களே, கல்யாண மண்டபத்தில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டுகிறார்களே - அதே தெர்மோகோல்தான். ஐஸ் அறைகளுக்குச் சுவராக வைக்கிற கனமான பலகைகள் திருச்சியில் கிடைக்கும். கனம் இல்லை, வெயிலும் உள்ளே வராது. பெரம்பலூர் வெயிலில் இருப்பவனுக்கு இதைவிட நல்ல சுவர் எங்கே கிடைக்கும்?

இங்கே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன். வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் சட்டம். அதற்கு இரண்டு ஸ்கூட்டர் சக்கரம். தரைக்கு பிளைவுட். சுவருக்கும் கூரைக்கும் தெர்மோகோல் பலகைகள் - மூங்கில் குச்சி சொருகி, பசை வைத்து இணைத்தேன். வெறும் தெர்மோகோலை விரலால் குத்தினால் ஓட்டை விழும். அதனால் உள்ளேயும் வெளியேயும் காடாத் துணியைப் பசையில் முக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். காய்ந்த பிறகு தட்டினால் மத்தளம்தான்.

பெயிண்ட் விஷயத்தில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். பெயிண்டில் கலக்கிற தின்னர் பட்டால் தெர்மோகோல் அப்படியே கரைந்துபோகும். நான் ஏமாறவில்லை. துண்டு வெட்டிப் போட்டுச் சோதித்துவிட்டு, முதலில் தண்ணீரில் கலக்கிற டிஸ்டம்பரைப் பூசி, அது காய்ந்த பிறகுதான் மேலே பெயிண்ட் அடித்தேன். எனக்கா தெரியாது?

முடிந்ததும் பார்க்க வந்தவர்களில் முதல் ஆள் தனத்தின் அண்ணன். கீழப்பழுவூரில் மாடி வீடு கட்டியிருப்பவர். அதனால் கட்டடம் என்றால் தன்னைத்தான் கேட்க வேண்டும் என்று நினைப்பவர். ஒரு மூலையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ள, ஒரு காத்தடிச்சா இது ஜெயங்கொண்டம் போயிடும்" என்றார்.

சிரித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை செட்டிகுளம் மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, அப்படியே டூர் கிளம்பிவிடலாம் என்று அறிவித்தேன். இத்தனை நாளும் நான் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தனம் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எலுமிச்சம்பழம் வண்டிக்கு வெக்கிறதுங்க. இதுக்குப் பால்தான் காய்ச்சணும்."

எனக்குச் சுருக்கென்றது.

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள். ஒவ்வொரு வீட்டிலும் அவள் பால் காய்ச்சியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், பொங்கி வழிகிற பால் தரையைக் கெடுத்துவிடுமோ என்று வீட்டுக்காரர் யாராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போதிருக்கிற வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷிதான். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக் காலண்டர் மேஜை மேல் சாய்ந்துகொண்டிருக்கும்.

அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், "நீ எப்ப சொந்த வூட்டுல பால் காய்ச்சப் போற?" என்று யாரோ தனத்தைக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே பாயசம் பரிமாறினாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து நான் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தெர்மோகோலுக்கும் தீக்கும் ஆகாது. உள்ளே ஸ்டவ் பற்றவைப்பது ஆபத்து.

"அடுப்பு எரியாதது வூடாங்க?" என்றாள்.

பின்கதவைத் தூக்கி, வெளியே இருக்கிற மேடையில் காய்ச்சலாமே என்றேன். அங்கே காய்ச்சினால் அது டீக்கடைப் பால் என்றாள். வண்டிதான் என்று முடிவு செய்துவிட்டால் நான் மட்டும் போய்வரலாமாம். அவள் பெரம்பலூரிலேயே இருந்துகொள்வாளாம். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

என்ன செய்வீர்கள்? ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டாலும் நான் சும்மா விடுகிற ஆளில்லை. காரைக் கழற்றித் தூரத்தில் நிறுத்தினேன். தரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. ஸ்டவ்வைச் சுற்றி மூன்று பக்கமும் தகரம். இரண்டு பக்கக் கதவும் திறந்தபடி. ஈரச் சாக்கோடு மச்சான் ஒரு கதவில், நான் மறு கதவில். வீட்டுக்கார அம்மாகூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நல்ல நேரத்தில் தனம் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். சின்னப் பாத்திரம், கொஞ்சம் பால். ஸ்டவ் எரிந்தது. பால் ஏறியது. கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் இதுவரை எந்த வீட்டிலும் பார்த்ததில்லை, சார். பக்கத்தில் நின்று தரையைப் பார்க்க ஆள் இல்லாமல் அவள் காய்ச்சிய முதல் பால் அது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் பாலைப் பார்த்தோம். கூரையை யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஒரு நாற்றம். நிமிர்ந்தால், ஸ்டவ்வுக்கு நேர் மேலே கூரைத் துணி பழுப்பாகித் தொங்குகிறது. சூடு மேலேதான் போகும் என்பதுகூடவா மறந்துபோகும்? நான் தனத்தின் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவள் பால் பாத்திரத்தோடுதான் வந்தாள். மச்சான் ஈரச் சாக்கை ஸ்டவ் மேல் போட்டு அமுக்கினார். நல்லவேளை, நெருப்புப் பிடிக்கவில்லை. ஆறிய பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். துணிக்கு மேலே இருந்த தெர்மோகோல் சுருங்கிக் காணாமல் போயிருந்தது. துணியை விரலால் தொட்டதும் பிய்ந்து வந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வானம் தெரிந்தது.

தனம் பாத்திரத்தை இறக்கி வைக்காமல் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வூடு போச்சாங்க?"

மச்சான் இப்போது கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ...

"போகல தனம். மேல நீ ஒரு ஜன்னல் வெச்சிருக்கே" என்றேன்.

சமாதானத்துக்குச் சொன்னதுதான். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. சுவர் கணக்குப் போட்டேன், சக்கரக் கணக்குப் போட்டேன். இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினால் உள்ளே இருக்கிற காற்று எந்த வழியாக வெளியே போகும் என்று யோசித்தேனா? ஐஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஐஸ் மூச்சு விடாது. நாங்கள் விடுவோமே.

ஓட்டைக்கு மூடி தேடினோம். மச்சான் விறுவிறுவென்று எங்கள் சமையலறைக்குள் போய் இட்லிப் பானை மூடியோடு திரும்பி வந்தார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. ஓரத்தில் ரப்பர் ஒட்டி, ஒரு கீல் வைத்து, உள்ளேயிருந்து தூக்கிவிட ஒரு கம்பியும் போட்டேன். செட்டிகுளத்தில் உச்சி வெயிலில் மூடியைத் தூக்கிவிட்டுப் படுத்தோம். உள்ளேயிருந்த வெக்கை அந்த வழியாகப் போவது தெரிந்தது. நான் கணக்கில் விட்டதைத் தனத்தின் பால் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து அடுப்பு வெளி மேடையில்தான். இந்தச் சட்டம் அவளே போட்டது.

வழியெல்லாம் வேடிக்கைதான். பிள்ளைகள் ஐஸ் வண்டி என்று துரத்தினார்கள். வாலிகண்டபுரத்தில் டீக்கடைப் பக்கம் நிறுத்தியதும் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் கிளாஸை வைத்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிற வண்டி என்று நினைத்துவிட்டார்களாம்.

அங்கேதான் தனம் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். காலண்டர் மாட்ட ஆணி அடித்தாள். தெர்மோகோலில் ஆணி நிற்குமா? விழுந்தது. இன்னொரு இடத்தில் அடித்தாள். அதுவும் விழுந்தது. பசை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"வுழுந்தா வுழட்டும்ங்க. அடிச்சா கேக்க ஆளில்ல" என்று மூன்றாவது இடம் பார்த்தாள்.

இப்போது செக்போஸ்ட்டுக்கு வருவோம். வண்டியா, வூடா என்று அவர் கேட்டுவிட்டு நிற்கிறார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நான் டிரெய்லர் என்று ஆரம்பித்து, தெர்மோகோல், காடாத் துணி என்று முழு விளக்கத்தையும் கொடுக்கத் தயாராகிறேன். தனம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"வூடுதாங்க. பால் காய்ச்சியாச்சு."

அவர் தனத்தைப் பார்த்தார். இட்லிப் பானை மூடியைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு தடுப்புக் கம்பைத் தூக்கினார்.

"சரிங்கம்மா. அப்ப வூட்டப் பாத்து ஓட்டிக்கிட்டுப் போங்க."