பெயர் சொல்லி ஜெபித்த ஞாயிறு

1. ஜெபக் குறிப்பு

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அலுவலகக் கதவைத் திறக்கும் முன்பே பேச்சியம்மாள் வாசலில் நின்றிருந்தார். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். பத்து வயது செல்விக்குப் பெரியம்மா. செல்வியின் அப்பா பம்பாயிலிருந்து எய்ட்ஸோடு திரும்பி இறந்தார். மறுவருடமே அம்மாவும் போனார். பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் மிஷன், இத்தகைய பிள்ளைகளை உறவினர் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க உதவி வந்தது. நான் அங்கே அலுவலகச் செயலர். தொண்ணூறுகளில், அந்த நோயின் பெயரைச் சொன்னாலே தொற்றிவிடும் என்று படித்தவர்களும் நம்பினார்கள்.

"ஐயா, நீங்க சாமிகிட்ட சொன்னது சரி. ஊருக்கெல்லாம் எதுக்குச் சொன்னீய?" என்றார் பேச்சியம்மாள்.

மாதந்தோறும் சபைகளுக்கு ஜெபக் குறிப்பு அனுப்புவது என் வேலை. பிள்ளையின் பெயர், ஊர், வகுப்பு, பெற்றோர் இறந்த காரணம், எதையும் விடமாட்டேன். தாளின் தலையில் 'குருவானவர் பார்வைக்கு மட்டும்' என்று தட்டச்சு செய்து அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டால் உலகம் கீழ்ப்படியும் என்பது என்னைப் போன்றவர்களின் விசுவாசம். அந்த ஞாயிறு செல்வியின் ஊர்ச் சபையில் குருவானவர் வெளியூர் போயிருந்தார். ஆராதனை நடத்திய உபதேசியார் தாளை முழுவதும் உரக்க வாசித்து, சபையை முழங்காலில் நிறுத்தி ஜெபித்திருக்கிறார்.

அவரிடம் போய்க் கேட்டேன். "பேரு சொல்லி ஜெபிச்சாத்தான அண்ணாச்சி உருக்கமா வரும்? சபையே அழுதுட்டுல்லா!" என்றார்.

அழுத சபைதான் திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது.

2. வராண்டா

அன்றே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்புக்கு வெளியே வராண்டாவில் செல்வி தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"இங்கன இருந்தாலும் போர்டு தெரியுது சார்" என்று நான் கேட்காமலே சொன்னாள். குனிந்து பார்த்தேன். பாதிதான் தெரிந்தது.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"அண்ணாச்சி, நான் என்ன செய்ய? தாய்மாரெல்லாம் கேட்டுல வந்து நிக்காவ. அவ குடிச்ச டம்ளர்ல எம்புள்ள குடிக்கணுமான்னு கேக்காவ. ரத்தம் சோதிச்ச சீட்டு இருக்குமுல்லா? அதைக் காட்டுங்க, உள்ள இருத்துதேன்."

சீட்டு என் பையில்தான் இருந்தது. செல்விக்கு நோய் இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. நான் பையைத் திறக்கவில்லை.

"எந்த விதியில சீட்டு கேக்கச் சொல்லியிருக்கு? பிள்ளைய வெளிய இருத்தினதுக்கு ஒரு வரி எழுதித் தாங்க, போயிருதேன்" என்றேன்.

"என்னை மாட்டிவிடப் பாக்கீயளே!"

எழுதித் தர அஞ்சும் உத்தரவு நிலைக்காது. பதினைந்து நிமிடத்தில் செல்வி வகுப்புக்குள் போனாள். வெற்றி பெற்ற நினைப்பில் ஊர் திரும்பினேன். மறுநாள் தலைமையாசிரியரிடமிருந்து போன் வந்தது.

"உங்க பிள்ள உள்ளதான் இருக்கா அண்ணாச்சி. மத்த பிள்ளையதான் ஒண்ணுகூட வரல."

3. மாற்றுச் சான்றிதழ்

வியாழக்கிழமை பேச்சியம்மாள் மறுபடி வந்தார்.

"சீட்டு உங்க கையிலதான இருந்துது? காட்டியிருந்தா என்ன கொறைஞ்சு போவும்?"

"இவளுக்குக் காட்டிரலாம். நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கும் கேப்பாவ. அதோட சீட்டுல வேற மாதிரி எழுதியிருக்கு."

"அது எந்த ஊருப் பிள்ள?" என்று கேட்டவர், நான் வாய் திறக்கும் முன் கையை உயர்த்தினார். "வேண்டாம், சொல்லாதீய. எங்களுக்கு டிசி மட்டும் வாங்கித் தாங்க. வேற ஊர்ல சேத்துக்கிடுதேன்."

அவரோடு பள்ளிக்கூடம் போனேன். டிசியில் 'பள்ளியை விட்டு நீங்கும் காரணம்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே எழுதுவது அந்தப் பிள்ளையோடு எல்லாப் பள்ளிக்கும் போகும். தலைமையாசிரியரின் பேனா அந்த இடத்தில் வந்து நின்றது. எத்தனையோ விண்ணப்பங்களோடு எத்தனையோ மேஜைகளின் முன் நின்றிருக்கிறேன். அன்றுதான் ஒரு பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்திருந்தார். 'குடும்பம் இடம் பெயர்வு' என்று எழுதி, தலைமையாசிரியர் முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும், "சேக்கும்போது நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க வராதீய ஐயா. உங்க மிஷன் ஜீப்பைப் பாத்தாலே என்ன ஏதுன்னு கேப்பாவ. நான் சத்தங்காட்டாம சேத்துக்கிடுதேன்."

நியாயம்தான். ஒன்பது நாள் தகவல் இல்லை. ஒவ்வொரு முறை போன் அடித்தபோதும் சேர்க்க மறுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதற்கிடையில் அடுத்த மாத ஜெபக் குறிப்பை எழுதினேன். ஒரு பெயரும் இல்லை, ஓர் ஊரும் இல்லை.

பத்தாம் நாள் பேச்சியம்மாள் வந்தார்.

"சேத்தாச்சு. முத பெஞ்சுல இருக்கா."

எங்கள் படிவத்தில் பள்ளியின் பெயர் வேண்டும். கேட்க வாய் எடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.

அன்று சீட்டைக் காட்டாதது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. அதன் விலையைக் கொடுத்தவள் செல்வி, நானல்ல. இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் உதவியைப் பின்தொடர்ந்து எவரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. செல்வி எந்தப் பள்ளியில் படித்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.