கிளட்ச் இல்லாத வண்டி

டாக்டரம்மா வீட்டு டிரைவருக்கு இடது முட்டி போய் ஏழு வருஷமாகிறது. அவர் மனைவிக்குத் தெரியும், மருந்துக்கடைக்காரருக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவர் பல் டாக்டர். வாய்க்குக் கீழே என்ன நடந்தாலும் அவர் கண்ணில் படாது.

வீட்டில் இரண்டு கார். ஒன்று, காலஞ்சென்ற பெரியவர், அதாவது டாக்டரம்மாவின் அப்பா, வாங்கியது. "என்ன வண்டி சார், அத்தனையும் இரும்பு" என்று தெருவே வாயைப் பிளக்கும். பிளக்கட்டும். ஓட்டுகிறவனுக்கல்லவா தெரியும்? காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கெஞ்சவேண்டும். ஸ்டியரிங்கை ஒடிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கிளட்சை மிதிப்பதோ பீரோவைக் காலால் நகர்த்துகிற வேலை. ஒவ்வொரு சிக்னலிலும் மனுஷருக்கு உயிர் போய் உயிர் வரும்.

இன்னொன்று போன வருஷம் வந்த புது வண்டி. கிளட்சே கிடையாது. பட்டனை அழுத்தினால் கிளம்பும், விரலால் தள்ளினால் திரும்பும். இடது கால் அதுபாட்டுக்குச் சும்மா உட்கார்ந்து வரும். அதை ஓட்டிய நாளில் அவர் தன் வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறுவார். பழசை ஓட்டிய நாளில் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார்.

சாலையை அகலப்படுத்தியதில் கார் ஷெட் பாதியாகிப்போனது. இனி ஒரு வண்டிதான் நிற்கும்.

"எதைண்ணே வெச்சுக்கலாம்?" என்று போன வாரம் டாக்டரம்மா கேட்டார். சின்ன வயதில் இவர்தான் அவரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர்; இப்போது அவர் பிள்ளைகளையும்.

"உங்க இஷ்டம்மா."

முட்டி வலி என்று சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில என்ன கொழுக்கட்டையா? போய்ச் சொல்லுங்க. இல்லேன்னா இனிமே என்கிட்ட தைலம் கேக்காதீங்க."

திங்கட்கிழமை சொல்லியே தீருவது என்று போனார். டாக்டரம்மா முந்திக்கொண்டார்.

"புதுசைக் குடுத்துட்டேண்ணே. எல்லாம் உங்களுக்காகத்தான். ஒவ்வொரு தடவை இறங்கினதும் அப்பா வண்டியைத் தடவிக் குடுத்துட்டு அப்படியே நிப்பீங்களே, மாடிலேருந்து பாத்திருக்கேன். அதைப் போய் எப்படி விக்கறது?"

டிரைவருக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்க இந்த வயதில் தெம்பில்லை.

"தடவலம்மா. கால் ஊன முடியாம புடிச்சுக்கிட்டு நிக்கறேன். முட்டி போய் ஏழு வருஷமாச்சு."

டாக்டரம்மா அவர் காலைப் பார்த்தார்.

"ஏண்ணே சொல்லல?"

"பயம்தாம்மா."

"இந்தக் காலோடயா என் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

டாக்டரம்மா கையை நீட்டினார். டிரைவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்மா?"

"நீங்க வீட்ல இருங்கண்ணே. சொல்லி அனுப்பறேன்."

பெரியவரும் வேண்டாதவர்களிடம் இதைத்தான் சொல்லுவார், இதே மாதிரி மெதுவாக. அப்படிச் சொன்ன பிறகு யாரையும் திரும்ப அழைத்ததை இத்தனை வருஷத்தில் டிரைவர் பார்த்ததில்லை.