பவழ மணலும் இரண்டு பாட்டில் தண்ணீரும்

கடைக்காரர்கள் சொல்வதை நான் லேசில் நம்புவதில்லை. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்குப் பக்கத்திலேயே வீட்டை வைத்துக்கொண்டு, மணலைக் காசு கொடுத்து வாங்குவதா? வீட்டுத் தொட்டியில் கடல் மீன் வளர்க்க யோசனை கேட்கப் போனபோது, பாலக்கரையில் கலர் மீன் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா அப்படித்தான் சொன்னார்.

"கடல் மீனுக்கு ஆத்து மணல் ஒத்துவராது சார். பவழ மணல் போடுங்க. உங்ககிட்ட இருக்கிற ஃபில்டரும் பத்தாது, பெருசா வாங்கணும். எதுக்கும் உங்க தொட்டித் தண்ணியைக் கொண்டாங்க, டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்."

எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் மோசம் என்றுதான் சொல்வார், பொருளை விற்க வேண்டுமே. மறுநாள் வீட்டுத் தண்ணீரோடு ஒரு காலி பாட்டிலும் கொண்டுபோனேன். அவர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் கடைத் தொட்டியிலிருந்தே காலி பாட்டிலில் மொண்டு, என் வீட்டுத் தண்ணீர் என்று நீட்டினேன்.

மருந்துச் சொட்டு விழுந்து சற்று நேரத்தில் அது பச்சையானது. "அம்மோனியா ஏறிக் கிடக்கு சார். இதுல மீன் விட்டா செத்துரும்."

பிடித்துவிட்டேன்! "இது உங்க கோமாளி மீன் தொட்டித் தண்ணிங்க," என்றேன், கடையே கேட்கும்படி.

அவர் அந்தத் தொட்டிக்கு ஓடினார். ஃபில்டர் நின்றுபோயிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நல்லவேளை சொன்னீங்க. சரி, உங்க தண்ணி எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது என்ன நிறமாகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. பொய்யைப் பிடிக்கப் போன இடத்தில், பொய் சொன்னது நான் ஒருவன்தான்.