மழைக்கோட்டில் வந்த திருக்கை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கிண்டியில் பிசினஸ் மேனேஜ்மென்ட் படிக்கச் சேர்ந்தேன். அது என்ன படிப்பு என்று எங்கள் இரும்புலியூரில் ஒருவருக்கும் தெரியாது. தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்த என் அப்பா அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். சர்ச்சில் யாராவது கேட்டால், "டைப்ரைட்டிங்குக்கு மேல, வக்கீல் படிப்புக்குக் கீழ" என்று சொல்லி அப்பா தப்பித்துக்கொள்வார்.

சேர்ந்த சில வாரங்களிலேயே எனக்கு நிச்சயதார்த்தமும் ஆனது. மாப்பிள்ளை என் கல்லூரித் தோழியின் அண்ணன். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் உதவி மேலாளர். தோழியின் கல்யாணத்தில் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு, மறுவாரம் தங்கை மூலம் சம்மதம் கேட்டு அனுப்பியவர். எனக்கும் பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். இரண்டு வருடப் படிப்பு முடிந்த பிறகுதான் கல்யாணம். அவர் வீட்டிலும் சரி என்றார்கள்.

அதன் பிறகு என் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, குரோம்பேட்டை வருவதற்குள் முந்தின நாள் பாடத்தைப் புரட்டி, பரங்கிமலையில் கூட்டம் ஏறியதும் புத்தகத்தை மூடிவிட்டு அவரை நினைப்பேன். கிண்டியில் இறங்கினால் மறுபடியும் விலை, தேவை, விற்பனை. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மீதிப் பேர் எல்லோரும் டை கட்டியவர்கள். அந்த மொழி என் கடிதங்களிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை "நம் திட்டத்தின் இலக்குகளை மறு ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதிவிட்டேன். அவர் கல்யாணத்தை நிறுத்தப்போகிறேன் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் சொல்ல வந்தது பாத்திரம் பண்டம் வாங்குவதைப் பற்றி.

சனிக்கிழமை மாலைகளில் டிரங்க் கால் வரும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருக்கோடியில் டாக்டரம்மாவின் டிஸ்பென்சரியில்தான் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டு அவர் அங்கே காத்திருப்பார், இங்கே நான் இருமல்காரர்களுக்கும் கட்டுப் போட்டவர்களுக்கும் நடுவே பெஞ்சில் காத்திருப்பேன். மணி அடித்தால் கம்பவுண்டர் ஊசியை அப்படியே வைத்துவிட்டு, "மாப்ள லைன்ல வந்துட்டார்மா" என்று அறிவிப்பார். டிஸ்பென்சரி முழுக்க இருமலை அடக்கிக்கொண்டு கேட்கும்.

அவர் பக்கத்திலிருந்து கேட்பதற்குத்தான் ஒன்றும் இருக்காது. நான் கத்துவேன். பரீட்சை, பேராசிரியர், அம்மாவின் முழங்கால் வலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "என்ன, கேக்குதா?" என்பேன். மறுமுனையில் மலைக்காற்று மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் வரும். பிறகுதான் தெரிந்தது, அவர் அத்தனைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார் என்று. டெலிபோனில் தலையாட்டினால் தெரியாது என்பது அந்த மனிதருக்கு உறைக்கவே மாதக்கணக்கானது. ஏதாவது சொல்ல அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் ஆபரேட்டர் குறுக்கே வந்து மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்பாள்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பொருள் கிளம்பும் இடத்திலிருந்து வாங்குகிறவர் கைக்குப் போகும் வரை கூடவே போய்ப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் சோப்பு, சைக்கிள் என்று எடுத்துக்கொண்டார்கள். என் குழுவில் இருந்த மூன்று பையன்களில் ஒருவன் மீன் பிரியன். அவன் பிடிவாதத்தால் எங்களுக்கு மீன் வந்தது. சனிக்கிழமை விடியற்காலை கோவளத்துக்குப் போய் ஏலத்தைப் பார்ப்பது, திங்கட்கிழமை வகுப்பில் பேசுவது என்று முடிவானது.

மூன்று பையன்களோடு பெண்ணைக் கடற்கரைக்கு அனுப்புவதா என்று அப்பா வெள்ளிக்கிழமை மாலை யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அவர் இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தார். கையில் ஒரு தோல் பை, தோளில் முழங்கால் வரை வரும் எஸ்டேட் மழைக்கோட்டு. இரும்புலியூரில் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

எனக்கு நெஞ்சு துள்ளியது. அடுத்த நொடியே கோவளம் ஞாபகம் வந்தது. அவருக்கு ஞாயிறு சாயங்காலம் வரைதான் லீவு. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது, ஆனால் தலையாட்டினார். அப்பாவுக்குத்தான் பெரிய நிம்மதி.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களும் கூடப் போயிட்டு வாங்க தம்பி" என்று, மலையிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்த மனிதரை எனக்குக் காவலாகப் போட்டார்.

மறுநாள் தாம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய்ச் சேர்ந்தோம். கட்டுமரங்கள் கரையேறிக்கொண்டிருந்தன. ஈர மணலில் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டி, ஒவ்வொன்றையும் சுற்றி நின்று ஏலம் விட்டார்கள். எனக்கு உலகமே மறந்துவிட்டது. யார் விலை சொல்கிறார்கள், யார் அதை ஏற்றுகிறார்கள், ஐஸ் பெட்டிக்காரர் எதை எடுக்கிறார், தலைச்சுமைக்காரப் பெண்கள் எதை எடுக்கிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தேன். புடவைக் கரையெல்லாம் மணல். அவரை எங்கே விட்டேன் என்றே நினைவில்லை.

அவர் சற்றுத் தள்ளி ஒரு வட்டத்தில் நின்றிருந்தார். ஏலம் விடுகிறவர் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். மரியாதைக்கு இவர் தலையாட்டினார். அந்த மனிதர் வேறு பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டு மறுபடி இவரைப் பார்த்தார். இவர் மறுபடியும் ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் விலகி வழி விட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் காலடியில் முறம் அகலத்துக்கு ஒரு திருக்கை கிடந்தது, நீண்ட வாலோடு.

"நான் வாங்கலைங்க" என்றார் அவர். அந்தக் காலையில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"இன்னா சார், அத்தினி வாட்டி தலைய ஆட்டிக்கினு இருந்தியே. ஏறுனது எல்லாம் உன்னாலதான்" என்றார் ஏலக்காரர். கோபமே இல்லை. சுற்றி நின்றவர்களும் நல்ல மீன்தான், போட்ட விலைக்கு மோசமில்லை என்று சமாதானம் சொன்னார்கள். இவர் பையைத் திறந்து பணத்தைக் கொடுத்துவிட்டார்.

மீன்காரம்மா ஒருத்தி வாலில் இருந்த விஷமுள்ளை வெட்டி எறிந்தாள். பிறகு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "வூட்ல புள்ள பெத்தவங்க யாருனா கீறாங்களா? தாய்ப்பாலுக்கு ரொம்ப நல்லதும்மா இது" என்றாள். என் குழுப் பையன்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கடலைப் பார்க்கத் திரும்பினார்கள்.

மீன்காரம்மா கொடுத்த கூடையில் திருக்கை அடங்கவில்லை. கடைசியில் அவர் அங்கேயும் தோளில் போட்டு வந்திருந்த மழைக்கோட்டை மணலில் விரித்து, அதை அதில் படுக்கவைத்துப் பொத்தான் போட்டார்கள். மீன்கூடையைப் பஸ்ஸுக்குள் ஏற்றவிட மாட்டார்கள், கூரை மேல்தான் போட வேண்டும். ஆனால் கோட்டு அவர் மடியில் இருந்ததால் கண்டக்டர் கவனிக்கவில்லை. கேளம்பாக்கம் தாண்டியதும் கோட்டின் ஒரு கைவழியாக வால் மெல்ல வெளியே வந்தது. பக்கத்து சீட்டு அம்மா அந்தக் கோட்டு மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "குழந்தை ஆணா பொண்ணா?" என்று கனிவாகக் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவர் வாலை உள்ளே தள்ளினார். அது மறுபடி வந்தது.

அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் அவர், வந்த காரணத்தைச் சொன்னார். பாளையங்கோட்டையில் இருக்கும் அவருடைய அம்மா கல்யாணத்தை ஜனவரிக்கே வைத்துவிடலாம் என்கிறாராம். பெண் படித்துக்கொண்டே போனால் மனசு மாறிவிடும் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். டிஸ்பென்சரியே கேட்கும்போது போனில் இதைச் சொல்ல முடியவில்லை, அதனால் நேரில் வந்தேன் என்றார்.

ஜனவரி என்றால் படிப்பு பாதியில் நிற்கும். "நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லலை." வாலை உள்ளே திணித்துவிட்டு, "தலையாட்டினேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மடியில் கிடந்த கோட்டைக் காட்டினேன். "இப்படித்தான் இதுவும் வந்தது. உங்களுக்கு ஜனவரி வேணுமா?"

வண்டலூர் வந்துவிட்டது. முன் சீட்டில் பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"காலைல உன்னையேதான் பாத்துட்டு நின்னேன்" என்றார். "ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் என்னமா கேள்வி கேக்கற. நான் வந்ததுகூட உனக்கு மறந்து போச்சு. முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் பாத்துக்கிட்டே இருக்கலாம்போல இருந்தது. நீ படிச்சு முடி."

"அதை எங்கிட்ட சொன்னா எப்படி? உங்க அம்மாகிட்ட சொல்லணும்."

அவர் தலையாட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "சொல்றேன்" என்றார் சத்தமாக. தனக்குத்தான் என்று நினைத்து டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அம்மா திருக்கையைப் பார்த்துத் திகைத்தார். எங்கள் வீட்டில் அதுவரை சங்கரா மீனுக்கு மேல் துணிந்ததில்லை. எதிர்வீட்டில் மகள் உண்மையாகவே பிரசவத்துக்கு வந்திருந்தாள். பாதி அங்கே போனது. மீதியை எதிர்வீட்டம்மா சொல்லிக்கொடுத்தபடி அம்மா வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்தார். அப்பா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழைக்கோட்டை எத்தனை முறை துவைத்தும் வாடை போகவில்லை. மலைக்குத் திரும்பியபின் முதல் மழையில் அவரோடு ஜீப்பில் யாரும் ஏறவில்லையாம்.

திங்கட்கிழமை வகுப்பில், தேவையில்லாத பொருளை வாங்கிவிடும் நுகர்வோர் என்பதற்கு அந்த மீன் பிரியன் திருக்கையை உதாரணமாகச் சொன்னான். யார் அந்த நுகர்வோர் என்று பேராசிரியர் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். "விசுவாசமான வாடிக்கையாளர் சார்" என்றேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

அதற்கு முந்தின நாள், ஞாயிறு மாலை, அவர் கோயம்புத்தூர் ரயில் ஏறவில்லை. திருநெல்வேலி ரயிலில் ஏறினார். எஸ்டேட் துரையிடம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று துணிந்து பாளையங்கோட்டைக்குப் போய், அம்மாவின் எதிரே உட்கார்ந்து, ஜனவரி வேண்டாம், அவள் படித்து முடிக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை டிரங்க் காலில் அம்மா என்ன சொன்னார்கள் என்று நான் பயந்துபயந்து கேட்டேன்.

"'வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுததுக்கு இத்தன வருசமால உனக்கு'ன்னாங்க. அவ்வளவுதான்."

நான் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். காத்திருந்தவர்கள் தங்களுக்குள் பேசி முடித்து, பையன் தேறிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

பரீட்சை முடிந்து, மே மாதத்தில் தாம்பரத்து சர்ச்சில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் அதற்குள் எனக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது, மலையில் எனக்கென்று வேலை ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு வருடம் இப்படியே இருப்போம், அதற்குள் நான் சென்னைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றார் அவர். எங்கள் தெருவிலேயே எனக்கு ஒரு சிறு வீடு பார்த்தார்கள். புதுப்பெண் அதில் தனியாக இருப்பதாவது என்று என் மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து இரும்புலியூருக்கு வந்துவிட்டார். என்னைக் காவல் காக்கத்தான் வருகிறார் என்று நடுங்கினேன். வந்த வாரமே, நான் ஆபீஸில் என்ன செய்கிறேன் என்று ஒன்றுவிடாமல் கேட்டார். விளம்பரம், விற்பனை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா ரெண்டு வருசம்?" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து நான் ரயிலிறங்கி வரும் வரை சாப்பிடாமல் காத்திருந்து, அன்றைக்கு ஆபீஸில் யார் யாரோடு சண்டை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தட்டை எடுக்க மாட்டார்.

அவர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் எங்கள் பேச்சுக்கு நடுவே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒரு முறை நாலு நாள் லீவில் வந்தவர், இன்னும் இரண்டு நாள் சேர்த்து இருக்கட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"இருல, யாரு வேண்டாம்னா? ஆனா சனிக்கிழமை நானும் அவளும் பாண்டிபஜார் போறோம். நீ வீட்டப் பாத்துக்க."