மைஸ்டரும் பெயர்ச் சங்கிலிகளும்

ஓடர் எடுத்து நகை செய்கிற தொழிலில், வாடிக்கையாளர் மனதில் இருந்த உருவமும் நாங்கள் செய்து நீட்டுகிற உருவமும் ஒருநாளும் ஒத்துவராது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் யாழ்ப்பாணத்தில் தாலிக்கொடியும் அட்டியலும் செய்து பழகியவன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜேர்மனியில் கொலோன் நகரத்தில் சின்னப் பட்டறை ஒன்று போட்டேன். தமிழர் வருவார்கள் என்று காத்திருந்தேன். வந்தவர்கள் றாப் பாடகர்கள். எல்லாரும் என்னை ‘மைஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்; கைதேர்ந்த தொழிலாளியை ஜேர்மன்காரர் அப்படித்தான் சொல்லுவார்கள்.

ஏழாம் மாடி

முதலில் வந்தவன் ஒரு துருக்கிக் குடும்பத்துப் பொடியன். தான் வளர்ந்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தைப் பதக்கமாகச் செய்து, ஏழாம் மாடியில் தாயின் ஜன்னலில் மட்டும் ஒரு வைரம் பதிக்கச் சொன்னான். ஆறு கிழமை குனிந்திருந்து ஜன்னல் ஜன்னலாக அறுத்தேன். ஆனால் மாடியை எண்ணும்போது நிலத்தோடு இருக்கிற வீட்டையும் சேர்த்து எண்ணிவிட்டேன். ஜேர்மன்காரர் அதை எண்ணுவதில்லை. வைரம் ஒரு மாடி கீழே போய் உட்கார்ந்துவிட்டது.

பொடியன் பதக்கத்தைக் கண்ணருகே பிடித்துக் கனநேரம் பார்த்தான். “மைஸ்டர், இது எங்களைப் பற்றிப் பொலிசுக்குப் பெட்டிசம் போடுற கிழவியின்ர ஜன்னல்.”

மூன்று துண்டு

மூன்று பேர் சேர்ந்து பாடுகிற ஒரு குழு, மூன்று பதக்கம் கேட்டது. சேர்த்து வைத்தால் ஒரே நட்சத்திரமாக வரவேணும், பொருத்தில் மயிரிழை கூடத் தெரியக்கூடாது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய அராவிப் பொருத்தினேன். வேலை முடிந்த கிழமை அவர்கள் சண்டைபிடித்துப் பிரிந்துவிட்டார்கள். திங்கள் ஒருவன் வந்து தன் துண்டை வாங்கிப் போனான், செவ்வாய் மற்றவன். புதன் வந்தவன் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினான்.

“ஓரத்தை அராவி விடுங்கோ மைஸ்டர். இனி ஒண்டோடயும் இது பொருந்தக்கூடாது.”

தாலிக்கொடி

கடைசியில் ஒரு தமிழ்க் குடும்பமும் வந்தது. மகளுக்குக் கலியாணம், தாலிக்கொடி செய்யவேணும். சந்தோஷத்தில் அவர்களுக்கு இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றினேன். பெண்ணின் தாய் மட்டும், மேசையில் பாதி முடிந்து கிடந்த மண்டையோட்டுப் பதக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. மண்டையோடு செய்த கையால எங்கட பிள்ளைக்குத் தாலி வேண்டாம்.”

கண்ணாடி

பிறகு பாட்டுத்தட்டுகள் விலைபோகாமல் விட்டன. பித்தளைக்குத் தங்க முலாம் பூசி, வைரத்துக்குப் பதில் கண்ணாடி பதிக்கப் பாடகர்கள் கேட்டார்கள். ஏலாது என்றேன். அடுத்த கிழமை செய்தேன்.

“வீடியோக் கமராவுக்கு என்ன தெரியும், மைஸ்டர்?”

தாய் வைத்த பெயர்

கானா நாட்டுத் தாய் ஒருவர், துப்புரவு வேலை உடுப்போடு வந்தார். கார் விபத்தில் செத்துப்போன மகனின் சங்கிலியை மேசையில் வைத்தார். அவன் மேடைப் பெயரை அதில் எழுதியது நான்தான். அதை உருக்கி, தான் வைத்த பெயரை எழுதித் தரச் சொன்னார். “மகன் ஆசைப்பட்டுச் செய்வித்தது, அம்மா,” என்றேன். அவர் சங்கிலியை என் பக்கம் தள்ளினார். உருக்கினேன். அவன் கழுத்தில் கிடந்த தங்கம் மூசைக்குள் இளகிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புதுச் சங்கிலியை வாங்கி, எழுத்து எழுத்தாக விரலால் தடவினார். “கடைசி ரெண்டு வருஷம் இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பியும் பார்க்கிறேல்லை.”

எட்டு வருஷம் ஊரார் பெயரையெல்லாம் தங்கத்தில் எழுதிய எனக்கு, ஓடர் நின்றுபோய்க் கடையை மூடின அன்று வாசல் கண்ணாடியில் இருந்த என் பெயரைச் சுரண்டி எடுக்கக் கால்மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.